சிப்பித்துறை ஜன்னல்

ஜூன் 3, திங்கள்

சிப்பித்துறை கோயிலிலிருந்து ஃபாதர் வந்திருந்தார். புயலில் பீடத்துக்கு மேலிருந்த ஜன்னல் நொறுங்கிப்போய், இன்றுவரை படுதாவைக் கட்டித்தான் பூசை நடக்கிறதாம். சின்ன வயது ஃபாதர். பிடரி வியர்வையைத் துடைத்துக்கொண்டே பட்டறையைச் சுற்றிப் பார்த்தார்.

"கடல் வேணும் சார். கரையில எங்க ஊர்ப் பொம்பளைங்க நிக்கணும். வள்ளம் திரும்பி வர்ற நேரம். நீங்க ரெண்டு பேரும் சேந்து செஞ்ச ஆஸ்பத்திரி சேப்பல் ஜன்னலைப் பார்த்தேன். அந்த மாதிரி முகத்தை நான் கண்ணாடியில பார்த்ததே இல்ல."

முகம் தீட்டுவது ஹெப்சி. காகிதத்தில் வரைவதும் அவள்தான். கலர்க் கண்ணாடியை வெட்டுவது, அவள் தீட்டியதைச் சூளையில் சுடுவது, ஈயப்பட்டியால் கோத்து ஜன்னலில் ஏற்றுவது என் வேலை. கல்யாணமான வருடத்திலிருந்து இப்படித்தான்.

"மேடம் இல்லீங்களா?"

அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றேன். பொய்யில்லை. ஈஸ்டர் முடிந்த மறுநாள் போனாள்.

ஆகஸ்டுக்குள் முடித்துத் தருகிறோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அனுப்பிவிட்டு வந்து பார்த்தால் சோறு அடிப்பிடித்திருந்தது. மேலாக வழித்துத் தயிர் ஊற்றிச் சாப்பிட்டேன்.

ஜூன் 4

ஹெப்சிக்குப் போன் செய்யவில்லை. பட்டறையைக் கூட்டினேன்.

ஜூன் 6, வியாழன்

போன் செய்தேன். இரண்டாவது தடவைதான் எடுத்தாள்.

"சொல்லுங்க."

"சிப்பித்துறைக் கோயிலுக்கு ஜன்னல் கேக்காங்க. பெரிய ஜன்னல். முகம் மட்டும் அஞ்சு வரும்."

குக்கர் விசில் அடித்தது. அண்ணன் வீட்டில் இவளைத்தான் அடுப்படியில் விட்டிருக்கிறார்கள் போல. விசில் அடங்கியதும் கேட்டாள்.

"நான் வருவேன்னு சொல்லிட்டியளா?"

"இன்னும் இல்ல. உங்கிட்ட கேட்டுட்டு..."

"சொல்லிட்டிய."

அப்புறம் அவளே பேசினாள். காலையில் வருவாள், பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிடுவாள். சாப்பாடு அவளே கொண்டுவருவாள். "வேலையப் பத்தி மட்டும் பேசுங்க. வேற பேச்சு வேண்டாம்."

சரி என்றேன். எதிலுமே கட்டன்ரைட்டாக இருப்பது அவள் சுபாவம். கோபமெல்லாம் இல்லை.

ஜூன் 8

அடுப்படிக்கு வெள்ளையடிக்க ஆள் கூப்பிட்டேன். மழைக்கு முன்னால் எப்படியும் அடிக்க வேண்டியது. குளியலறைக் குழாயையும் மாற்றியாயிற்று. அது சொட்டுகிறது என்று போன வருடமே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஜூன் 10, திங்கள்

வந்தாள். முன்வாசலில் கதவைத் திறந்து வைத்திருந்தேன். அவள் பக்கத்துச் சந்தில் நுழைந்து நேரே பட்டறைக்குப் போய்விட்டாள். புதுக் கண்ணாடி போட்டிருக்கிறாள், கறுப்பு ஃபிரேம். முகம் கொஞ்சம் மெலிந்தமாதிரி இருந்தது. கேட்கவில்லை, அது வேலையைப் பற்றிய பேச்சில்லை.

தரையில் காகிதத்தை விரித்து மண்டியிட்டு வரைய ஆரம்பித்தாள். நான் மூலையில் உட்கார்ந்து ஈயப்பட்டிகளை நீவி நேராக்கிக்கொண்டிருந்தேன். கரித்துண்டு காகிதத்தில் உரசுகிற சத்தம் மட்டும். இந்தச் சத்தம் கேட்டு ரொம்ப நாளாயிற்று.

மத்தியானம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தாள். எலுமிச்சைச் சாதம். நான் உள்ளே போய்ச் சாப்பிட்டேன். வெள்ளையடித்த வாடை இன்னும் போகவில்லை.

ஜூன் 15, சனி

இருவரும் சிப்பித்துறைக்குப் போய் வந்தோம். பஸ்ஸில் அவள் முன்னால் பெண்கள் பக்கம், நான் பின்னால்.

நான் ஏணியில் ஏறி ஜன்னலை அளந்தேன். அவள் கரைக்குப் போய்ப் பெண்களைப் படம் வரைந்தாள். இறங்கிப் போய்ப் பார்த்தால் சுற்றிலும் ஒரே கூட்டம். செலஸ்டினா என்று ஒரு மீன்காரி, நாற்பது வயதிருக்கும், இடுப்பில் கையை ஊன்றி நின்றுகொண்டு வழக்குப் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஏ அக்கா, எனக்குக் கம்மல் வரையலியே நீங்க?"

"கோயில் ஜன்னல்ல எதுக்கும்மா கம்மல்?" இது நான்.

"நல்லா இருக்கே! அந்தப் புயலுக்கு எங்க வீட்டுக்காரரு கடல்ல மாட்டிக்கிட்டப்போ நான் இங்கனதான் நின்னேன். சோறு தண்ணி இல்லாம நின்னேன். கம்மலோடதான் நின்னேன். மனுசன் உசுரோட வந்து எறங்குனதும் மொதல்ல என்ன கேட்டாருங்கிய? 'ஏட்டி, இத இன்னும் அடகு வைக்கலியா'ன்னாரு."

எல்லாரும் சிரித்தார்கள். ஹெப்சியும் சிரித்தாள், வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. பிறகு அந்தக் கம்மலை வெகுநேரம் பார்த்து வரைந்தாள். முத்து எத்தனை, கல் எங்கே என்று கேட்டுக்கேட்டு. "ஒங்கள அப்படியே கொண்டாந்திருவேன்" என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"ஒங்களுக்குப் பிள்ளைய எத்தன?"

"இல்ல" என்றாள் ஹெப்சி. செலஸ்டினா இரண்டு பேரையும் பார்த்தாள், எங்களுக்கு டீ வாங்கிவர ஆளனுப்பினாள்.

ஜூன் 24, திங்கள்

வெட்டு வேலை தொடங்கியாயிற்று. அவள் நீலக் கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்புவாள். எந்த இடத்தில் நிறம் அடர்கிறதோ அங்கே விரலை வைப்பாள். நான் அந்த இடத்தில் வெட்டுவேன். இதற்குப் பேச்சு தேவையில்லை. மத்தியானத்துக்குள் அடிக்கடல் முழுவதும் வெட்டி மேஜையில் பரப்பிவிட்டோம்.

கிளம்பும்போது, "நல்லா வந்திருக்கு" என்றாள். கண்ணாடியைத்தான் சொன்னாள்.

ஜூலை 1, திங்கள்

இன்று என் கையால் டீ வாங்கிக் குடித்தாள்.

ஜூலை 5, வெள்ளி

கோத்து முடித்த கீழ்ப்பகுதியைப் புரட்டிப்போடும்போது என் பிடி நழுவியது. அவ்வளவு கனம். "அத்தான்!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்து மறுமுனையைத் தாங்கிக்கொண்டாள். இருவரும் அப்படியே பிடித்தபடி நின்றோம், மூச்சு வாங்க. மெல்ல மேஜையில் இறக்கினோம். ஒரு கீறல் இல்லை.

சாயங்காலம் கடைத்தெருப் பக்கம் போயிருந்தேன். தலையணை இரண்டு வாங்கினேன். பழையதில் பஞ்சு கட்டிதட்டிப் போய்விட்டது.

ஜூலை 9, செவ்வாய்

முகங்களில் மூன்று சுட்டு எடுத்தாயிற்று. வேலை வேகமாகப் போகிறது. நான் கணக்குப் போட்டதைவிட வேகம்.

"இப்படியே போனா இந்த மாசமே முடிஞ்சிரும்" என்றாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள்.

"ஆகஸ்ட் வரைக்கும் நேரம் இருக்கு."

"எதுக்கு இழுக்கணும்? முடிச்சுக் குடுத்திருவோம்."

ஜூலை 11, வியாழன்

மேகத்துண்டு ஒன்று உடைந்தது. அவள் தீட்டிச் சுட்ட துண்டு. ஈயத்தில் பொருத்தும்போது விரிசல் விட்டுவிட்டது. இப்போது வருகிற கண்ணாடி அவ்வளவு சுத்தமில்லை.

"பரவாயில்ல" என்று வேறொன்று தீட்ட உட்கார்ந்தாள். சாயம் காய்ந்து, சுட்டு, ஆறி எடுக்க இரண்டு நாளாகும்.

ஜூலை 17, புதன்

இன்று வள்ளத்தின் பாய். அதுவும் சுட்ட துண்டுதான்.

அவள் இரண்டு பாதியையும் எடுத்து ஜன்னலோரம் போனாள். உடைந்த ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். நான்தான், ஈரக்காற்று அடிக்கிறது, அதனால் இருக்கும் என்றேன். குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டது, காற்றில் சாரல் வாடை இருந்தது.

ஜூலை 21, ஞாயிறு

கோயில் முடிந்து, அவள் அண்ணன் வீட்டுக்கு மாம்பழம் வாங்கிக்கொண்டு போனேன். சீசன் முடியப்போகிறது, அவளுக்குப் பிடிக்கும். வேறு காரணமில்லை.

மதினி கதவைத் திறந்தார். பழத்தை வாங்கிக்கொண்டு, உட்காரச் சொல்லி, மின்விசிறியைப் போட்டுவிட்டு நின்றார்.

"ஹெப்சி இல்லியா, மதினி?"

"அவ இங்க எங்க இருக்கா?" என்றார். பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். "ஒங்களுக்குத் தெரியும்னுல்லா நெனச்சேன். வந்து பத்து நாள் இருந்தா. டவுன்ல மாடியில ஒரு ரூம் எடுத்துப் போயிட்டா. ஓவிய வகுப்பு எடுக்கா, பிள்ளைய வருது."

தெரியும், மறந்துவிட்டேன் என்றேன். காபி குடித்தேன். மாம்பழத்தை அங்கேயே கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜூலை 22

அவளிடம் கேட்கவில்லை. வேலையைப் பற்றி மட்டும்தானே பேச வேண்டும்.

போகும்போது சந்துமுனை வரை பின்னால் போனேன். டவுனுக்குப் போகிற பஸ்ஸில் ஏறினாள், அண்ணன் வீட்டுப் பக்கம் போகிறதில் இல்லை. தினமும் இதில்தான் ஏறுகிறாள். நானும் தினமும்தான் பார்த்திருக்கிறேன். ஏதாவது சாமான் வாங்கப் போகிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

ஜூலை 25, வியாழன்

கடைசி முகம் செலஸ்டினாவுடையது. சூளையிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்தபோது எனக்கே புல்லரித்தது. கண்ணைச் சுருக்கித் தூரத்தைப் பார்க்கிறாள். நெற்றியில் காற்றில் பறக்கிற ஒரு கற்றை முடி. காதில் கம்மல், முத்து முத்தாக. ஹெப்சி இதற்காக ஒரு வாரம் குனிந்த தலை நிமிராமல் இருந்தாள்.

"இதுக்கு மேல தீட்ட ஒண்ணுமில்ல" என்று தூரிகைகளைக் கழுவித் துணியில் சுருட்டினாள். "நாளைக்கு இத மாட்டிட்டியன்னா மிச்சம் ஒங்க வேலதான். நான் வரவேண்டியதில்ல. ஏத்துற அன்னைக்கு நேரா கோயிலுக்கு வந்திருதேன்."

ராத்திரி சாப்பிடவில்லை. பசியில்லை.

ஜூலை 26, வெள்ளி

செலஸ்டினா உடைந்துவிட்டாள். கன்னத்திலிருந்து காது வரை. ஹெப்சி வருவதற்கு முன்னாலேயே.

நடந்ததை எழுதி வைக்கிறேன். அவள் வந்தாள். பையை இறக்கினாள். மேஜையைப் பார்த்தாள். நான் பட்டியில் அழுத்தியபோது விரிசல் விட்டுவிட்டது என்றேன்.

"மொதல்ல மேகம். பொறகு பாய். இப்ப இது."

"கண்ணாடி மோசம் ஹெப்சி. அந்தக் கடைக்காரன..."

"கண்ணாடி மோசம்னா எல்லாந்தான உடையணும்? நீங்க வெட்டுன கடல்ல முன்னூறு துண்டு கிடக்கு. ஒண்ணு உடஞ்சுதா? நான் தீட்டுனதுதான் உடையுது."

நான் விளக்குமாற்றை எடுத்தேன். தரையில் சில்லு கிடந்தது.

"நான் வரணும்னு நெனச்சா, வான்னு கேட்டிருக்கலாம். ஒரு வார்த்த. கேட்டியளா? இத்தன மாசத்துல எங்க இருக்க, என்ன சாப்பிடுத, ஒண்ணு கேக்கல."

"வேலையப் பத்தி மட்டும்தான் பேசணும்னு நீதான..."

"ஆமா, நான்தான் சொன்னேன்." புதுக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். "சேப்பல் ஜன்னல்ல மாதா முகத்துல சின்னதா விரிசல் விட்டுச்சு, ஞாபகம் இருக்கா? புதுசா தீட்டுதேன், நாலு நாள் குடுங்கன்னு கெஞ்சுனேன். நான் ஊர்ல இல்லாத நாளாப் பாத்து மூக்குக்குக் குறுக்க ஈயத்த ஓட்டி மாட்டிட்டிய. பேப்பர்க்காரன் வந்தான், ஒங்கள மட்டும் நிக்கவச்சுப் படம் எடுத்தான். அதக்கூட விட்டுட்டேன். அந்த ஈயத்தத்தான் என்னால பாக்க முடியல. நான் ஒரு வாரம் உக்காந்து தீட்டுற முகம் ஒங்களுக்கு ஒரு துண்டு. உடைக்கணும்னு தோணுனா ஒங்க கைக்கு மொதல்ல அதுதான் வருது."

"தானா உடஞ்சது, ஹெப்சி."

"உடஞ்சதுன்னு சொல்லாதிய. அந்த ஒரு வார்த்தையச் சொல்லாதிய."

நான் கூட்டிக்கொண்டிருந்தேன். செலஸ்டினாவின் இரண்டு பாதியையும் தன் டிபன் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டாள். சிவப்பும் பழுப்புமாக இரண்டு வெட்டாத கண்ணாடிகளையும் அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டாள். முன்வாசல் வழியாகப் போனாள். வீட்டுக்குள் நுழைந்து அந்தப் பக்கமாக. வெள்ளையடித்ததைப் பார்த்திருப்பாள்.

ஜூலை 27

வரவில்லை.

ஜூலை 29

வரவில்லை. ஃபாதர் போன் செய்தார், எடுக்கவில்லை.

ஜூலை 31, புதன்

மற்ற இடங்களையெல்லாம் கோத்து முடித்துவிட்டேன். வெயில் வரும்போது மேஜைக்கு அடியில் தரையெல்லாம் நீலம். நடுவில் ஓர் ஓட்டை. அதன் வழியாகச் சிமெண்ட் தரை தெரிகிறது.

அந்த மாதா முகத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். விரிசலோடு விட்டிருந்தால் மழை இறங்கியிருக்கும். சேப்பல் திறப்பு விழாவுக்கு அப்போதே தேதி குறித்திருந்தார்கள். வேறு என்ன செய்திருக்க முடியும் என்று நியாயமாகவே எழுத வந்தேன். அவள் கெஞ்சினாள் என்பது நினைவில்லை. கேட்டாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. போனால் பக்கத்தில் இடம் விட்டு உட்கார்ந்துவிடுகிறேன், வருகிறவர்கள் "யாராவது வாறாங்களா?" என்று கேட்கிறார்கள்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

வந்தாள். சொல்லாமல் வந்தாள். சேலையில் பொதிந்து செலஸ்டினாவைக் கொண்டுவந்திருந்தாள்.

புது முகம். கண்ணாடியையும் அவளே வெட்டியிருக்கிறாள். காதோரத்து வளைவில் கொஞ்சம் பிசிறு இருந்தது. அவள் வெட்டி நான் பார்த்ததில்லை. சுட்டது எங்கே என்று கேட்டேன். டவுன் ரூமில் சின்னதாக ஒரு சூளை வைத்திருப்பதாகச் சொன்னாள். ஓவிய வகுப்புக்கு வாங்கியது.

அந்தப் பிசிறை நான் அராவித் தருகிறேன் என்று கையை நீட்டினேன்.

"வேண்டாம். அது அப்படியே இருக்கட்டும்."

ஈயப்பட்டியை அவளே வளைத்தாள். அவளே பொருத்தினாள். பற்றவைக்கிற இரும்பை மட்டும் என்னிடம் கேட்டாள். நான் சட்டத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான்கு இடத்தில் ஈயம் வைத்தாள், நான்கும் கட்டிகட்டியாக வந்தது, ஆனால் பிடித்துக்கொண்டது. வேலை முடியும் வரை மூச்சைக்கூடப் பார்த்துத்தான் விட்டேன்.

ஆகஸ்ட் 24, சனி

சிப்பித்துறையில் ஜன்னலை ஏற்றினோம். சாரம் கட்டி, கயிறு போட்டு, ஊர் ஆண்கள் பதினைந்து பேர் வள்ளம் இழுக்கிற பாட்டோடு தூக்கிவிட்டார்கள். நான் மேலே நின்று சட்டத்தில் பொருத்தினேன். கீழே ஹெப்சி, "இடது பக்கம் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்... போதும்" என்று குரல் கொடுத்தாள். ஜன்னல் அந்தக் குரலுக்குச் சரியாகப் போய் உட்கார்ந்தது.

இறங்கி வந்தபோது சூரியன் ஜன்னலுக்கு நேரே வந்திருந்தது. பெண்கள் முக்காட்டோடு கூடி நின்றார்கள். செலஸ்டினா தன்னையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் தன் காதைத் தொட்டுப் பார்த்தாள். ஹெப்சியின் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள்.

ஜன்னல் மூலையில் எங்கள் பெயரை எழுத வேண்டும் என்றார் ஃபாதர். சார் பெயரில் தொடங்கலாமா என்று கேட்டார்.

"அவ பேர மட்டும் போடுங்க ஃபாதர்" என்றேன்.

ஹெப்சி திரும்பிப் பார்த்தாள். "ரெண்டையும் போடுங்க. கடல வெட்டுனது அவங்கதான்."

மத்தியானம் மீன் குழம்பு வைத்து ஊரே சாப்பாடு போட்டது. அவளைப் பெண்கள் பந்தியில் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அங்கிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஃபாதர் எனக்குத் துணையாக உட்கார்ந்து முள்ளெடுத்துச் சாப்பிட்டார்.

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் அவளிடம் கேட்டேன். "ஒருநாள் ஒன் ரூம் வந்து பாக்கட்டுமா?"

யோசித்தாள். "வாங்க. அடுத்த ஞாயித்துக்கிழம, மத்தியானத்துக்கு மேல. வகுப்பு இருக்காது."

செப்டம்பர் 1, ஞாயிறு

போனேன்.

குறுகலான படி. மேலே ஓர் அறை, ஒட்டினாற்போல ஒரு சமையல் மூலை. வடக்குப் பார்த்த பெரிய ஜன்னல், அதையொட்டி நீளமாக ஒரு மேஜை. பிள்ளைகள் வரைந்த படங்கள் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கின. சுவரோரம் கையகலக் கண்ணாடிகள் சாய்ந்திருந்தன. பஸ்ஸுக்கு நிற்கிற பெண், பூ கட்டுகிறவள், தூங்குகிற ஒரு கிழவர். எல்லாம் அவள் வெட்டி, அவள் தீட்டி, அவளே சுட்டது. வெட்டுகள் நேர்த்தியாகிக்கொண்டு வருகின்றன. கடைசியில் இருந்ததில் பிசிறே இல்லை.

வழியெல்லாம் ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போயிருந்தேன். 'வீட்டுக்கு வந்துவிடு' என்பதுதான். அந்த மேஜைக்கு முன்னால் நின்றபோது வாக்கியம் வேறாகிவிட்டது.

"வெளிச்சம் நல்லா இருக்கு."

"அதுக்காகத்தான் எடுத்தேன்."

காபி போட்டாள். நான் நாற்காலியில், அவள் கட்டிலின் விளிம்பில். காற்றுக்குப் படங்கள் ஆடின.

"அங்க வரமாட்டேல்லா?" என்று கேட்டேன். கடைசியில் இப்படித்தான் வந்தது.

டம்ளரைக் கீழே வைத்தாள். "இப்ப கேட்டியளே, இத ஈஸ்டருக்கு முன்னாடி கேட்டிருந்தா நான் போயிருக்கவேமாட்டேன்" என்றாள். "இப்ப வரமாட்டேன். கோவத்துல சொல்லல. இங்க காலையில எந்திரிச்சதும் நேரா இந்த மேசைக்கு வந்து உக்காருதேன். அது எனக்குப் பிடிச்சிருக்கு."

சரி என்றேன். உண்மையாகவே சரி என்றுதான் பட்டது. அது எனக்கு உதவவில்லை.

பஸ் ஸ்டாப் வரை கூட வந்தாள். நான் வீட்டுக்குப் போக வேண்டிய பாளையங்கோட்டை பஸ் வந்தது. கூட்டமாக இருக்கிறது, அடுத்ததில் போகிறேன் என்றேன். அடுத்தது வந்தது. அதிலும் கூட்டம்தான் என்றேன். மூன்றாவது வந்தபோது என் முழங்கையைத் தொட்டாள்.

"இதுல ஏறுங்க."

ஏறினேன். உட்கார நிறைய இடமிருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து எட்டிப் பார்த்தபோது அவள் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விட்டிருந்தாள், கீரைக்காரியிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். எங்கே போகணும் என்று கண்டக்டர் இரண்டு தரம் கேட்டார்.